பெற்றீசியாவின் தகர வேலி

பெற்றீசியா வேலி போட நாள் பார்த்தாள். நல்ல நாள் இல்லை, பக்கத்து வீட்டுச் சிவனம்மா மேல்மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற நாள். அது ஒரு செவ்வாய்க்கிழமையாக அமைந்தது.

லிந்துலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேலி போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எங்கும் எழுதி ஒட்டியிருக்காது, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். முதலில் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டு வீட்டாரும் நின்று நூல் பிடிக்க வேண்டும். கம்பம் போடுகிறவர் பக்கம் நிற்க வேண்டும், தகரத்தின் நல்ல முகம் பக்கத்து வீட்டைப் பார்க்க வேண்டும். அப்படி அடிக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு மண்ணில் நின்றுதான் ஆணி அடிக்க முடியும். சொல்லாமல் அங்கே போய் நிற்க முடியுமா? அதனால்தான் சொல்லிவிட்டுச் செய்கிற பழக்கம் வந்தது. வேலை செய்ய வந்த தச்சர் நல்லமுத்து பாஸும் அதைத்தான் கேட்டார், "அங்கிட்டு சொல்லிட்டீங்களா?" என்று. சொல்லியாச்சு என்றாள் பெற்றீசியா. வாய் கூசாத பொய். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் நின்றபடியே அடித்துவிட்டுப் போனார். கம்பங்கள் சிவனம்மாவின் மண்ணில் முக்கால் அடி உள்ளே போய் நின்றன. ஆணி முனைகளும் அந்தப் பக்கமே நீட்டிக்கொண்டிருந்தன. குறுக்கே வந்த சௌசௌக் கொடியைக் கத்தியால் வெட்டி அந்தப் பக்கமே தள்ளியதும் பெற்றீசியாதான்.

அவளை ஒரேயடியாகக் கெட்டவள் என்று சொல்லிவிடவும் முடியாது. லயத்துக் காம்பராவில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றில், பிறந்தவள். பதினெட்டு வயதில் கூடை தூக்கினாள், முதுகு விட்டுப்போன பிறகு பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டினாள். ஐம்பத்து மூன்று வயதில்தான் புதுக்குடியிருப்பில் ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் கிடைத்தது. 'இது என் எல்லை' என்று சொல்ல ஒரு துண்டு மண் வந்ததும் அவளுக்குக் கொஞ்சம் தலை கிறுகிறுத்துவிட்டது. மகள் றொசானா பாலர் பாடசாலை டீச்சராகிவிட்டாள், வீட்டுக்கு நாலு பேர் வரப் போகிறார்கள், சிவனம்மாவின் மாட்டுக்கொட்டிலும் சாணிக்குவியலும் கண்ணில் படக் கூடாது. அவ்வளவுதான் அவள் கணக்கு. வீடுகளுக்குச் சீட்டுக் குலுக்கியபோது கிடைத்த மூலை வீட்டை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்து, "அக்கா பக்கத்துலயே இருந்துக்கிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள் சிவனம்மா. அதைப் பெற்றீசியா அன்று நினைத்துப் பார்க்கவில்லை.

சாயங்காலம் சிவனம்மா வந்து பார்த்தாள். அவள் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, வெட்டுப்பட்ட கொடியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றாள். பிறகு கம்பத்தைத் தொட்டுக் காட்டி, இது எங்கள் பக்கம் நிற்கிறதே அக்கா என்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கொழும்பில் புறக்கோட்டைத் துணிக்கடையில் வேலை செய்கிற சிவனம்மாவின் மகன் திலக்ஷன் லீவில் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். அவனும் குழாயடியில் முகம் கழுவியபடி நின்றான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பெற்றீசியாவின் நெஞ்சு குறுகுறுப்பதோடு நிற்கவில்லை. தப்பு தன் பக்கம் என்று தெரிந்தவளுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது நியாயமான கோபத்தைவிடப் பத்து மடங்கு. பேச்சு நீண்டது. கடைசியில் பெற்றீசியா சொன்னாள்:

"நியாயம் பேச வந்துட்டியா? சாகக் கெடந்த புருஷன் வாய்க்கு ருசியா கேட்டப்ப, செத்துத் தொலையேன்னு கத்துனவதானே நீ? நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டாம் நாளே போய்ட்டாரு."

சிவனம்மா அந்தக் கொடியைக் கீழே வைத்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது, திலக்ஷன் அதை மூடவில்லை. சிவனம்மா அவனைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

பெற்றீசியா என்ன செய்துவிட்டாள் என்பது லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் விளங்கும். லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. இருமினால் கேட்கும், புருஷன் பெண்டாட்டி சண்டை கேட்கும், அழுகை கேட்கும், அதற்கு மேலேயும் கேட்கும். ஆனால் விடிந்து பீலியடியில் தண்ணீர் பிடிக்கையில் பார்த்தால், "என்னக்கா, நேத்து என்ன கறி?" என்றுதான் பேச்சு. சுவருக்கு மேலே வந்ததை யாரும் கேட்கவில்லை என்பதுதான் கணக்கு. அப்படித்தான் நூற்றைம்பது வருஷம் மானத்தோடு குடியிருந்தார்கள். பெற்றீசியாவும் சிவனம்மாவும் அதில் இருபத்திரண்டு வருஷம் ஒரே சுவரில் முதுகு சாய்த்தவர்கள். அந்தச் சுவரைத்தான் அவள் ஒரு தகரத்துக்காக இடித்துவிட்டாள்.

பெற்றீசியாவின் புருஷன் றோலண்டுக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. விஷயம் கேட்டதும் திட்டக்கூட இல்லை. "செவுத்துக்கு மேல கேட்டத வெளிய சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஜேர்சியை மாட்டிக்கொண்டு இரவு வேலைக்குப் போய்விட்டான். அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மறுநாள் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளை விட வந்த தாய்மார் எப்போதும்போல் நின்று பேசவில்லை. நம்மைப் பற்றி இவள் என்னென்ன கேட்டு வைத்திருக்கிறாளோ என்று அவர்கள் கண் கேட்டது. பெற்றீசியா தலையைக் குனிந்துகொண்டு பால்மா கரைத்தாள். வெட்கத்தில் காது சுட்டது.

வெட்கப்படுகிறவர்கள் முதலில் சுலபமான வேலையைத்தான் செய்வார்கள். அவளும் அதையே செய்தாள். புதன்கிழமை சாயங்காலமே நல்லமுத்து பாஸைக் கூப்பிட்டு, கம்பங்களைப் பிடுங்கித் தன் பக்கம் நடச் சொன்னாள். தகரத்தைத் திருப்பி அடிக்க அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்றார் அவர். வேலிக்கு இப்பால் நின்றே சிவனம்மாவைக் கூப்பிட்டாள். "நிக்கச் சொல்லுங்கக்கா" என்று கொட்டிலுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. வேலை முடிந்தது. கம்பம் அரை நாளில் இடம் மாறிவிட்டது, சொன்ன சொல் அங்கேயே நின்றது.

வியாழக்கிழமை றொசானா வந்து விஷயத்தைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை இரவே திலக்ஷன் தாயிடம் கேட்டானாம், பெரியம்மா சொன்னது உண்மையா என்று. சிவனம்மா, ஆமாம், சொன்னேன் என்றாளாம். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. தகப்பன் சாகும்போது அவனுக்குப் பதினாறு வயது, கொழும்பில் கடையில் இருந்தான். முகம் பார்க்கக்கூட நேரத்துக்கு வந்து சேரவில்லை. அந்த ஆறாத புண்ணில் இது போய் விழுந்தது. இரண்டு நாளாக அவன் வீட்டில் கை நனைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி பஸ்ஸில் போகிறானாம். இனித் தகப்பனுக்குத் திவசம் கொடுப்பதென்றால் கொழும்பிலேயே கொடுத்துக்கொள்வானாம், இந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டானாம்.

"நீங்க மட்டும்தான் கேட்டிருக்கீங்க" என்றாள் றொசானா. "வேற யாரும்மா போய் சொல்ல முடியும்?"

பெற்றீசியா ஜெபமாலையை எடுத்தாள், வைத்தாள். சொல்வதற்கு மீதி இருந்தது. அவளே பதினொரு வருஷமாகத் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளாத மீதி. அதைச் சொன்னால் தாய்க்குப் பிள்ளை மிஞ்சுவான். சொல்லாவிட்டால் அவளுக்கு மானம் மிஞ்சும். இப்படி நினைத்ததற்கே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குப் பிள்ளைக்காம்பராவில் உதவிக்காரியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். முன்னே என்றால் கொல்லையால் பத்து எட்டு. இப்போது ரோட்டுக்கு இறங்கி, வளைந்து, தூறலில் நனைந்து முன்வாசலால் போக வேண்டியிருந்தது. திலக்ஷன் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான். பை கதவருகே தயாராக இருந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சிவனம்மா, பழக்க தோஷத்தில், "வாங்கக்கா" என்றாள்.

பெற்றீசியா உட்காரவில்லை.

"தம்பி, நான் கேட்டதுல பாதியத்தான் அன்னைக்கு சொன்னேன். மீதியையும் சொல்லிட்டுப் போயிடுறேன்."

அவன் நிமிரவில்லை. அவள் சொன்னாள். எட்டு மாசம் உன் தாய் அவரைத் தனியாகத் தூக்கிக் கழுவினாள், விடியப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போவதற்கு முன்னே அவர் துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டாள், ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்ட குரல் சுவருக்கு மேலே வரவில்லை என்றாள். அந்த ஒரு நாள்தான் கத்தினாள். கத்திய மறுநிமிஷமே அழுதாள். கஞ்சி காய்ச்சி, கோவிச்சுக்காதய்யா, கோவிச்சுக்காதய்யா என்று சொல்லிச் சொல்லி ஊட்டினாள். அவரும் குடித்தார், போடி பைத்தியக்காரி என்று சிரித்தார். எல்லாம் கேட்டது எனக்கு.

திலக்ஷன் கை சப்பாத்துக் கயிற்றில் நின்றது. "அப்பா என்னத்தக் கேட்டாரு? அம்மா கத்துற அளவுக்கு?" என்றான்.

"கஞ்சிதான்" என்றாள் சிவனம்மா சட்டென்று. "வேலைக்குப் போய் வந்த அலுப்புல கத்திட்டேன். விடு."

அவள் கத்திய அன்று ஞாயிற்றுக்கிழமை. வேலையே இல்லை. சிவனம்மா பொய் சொன்னது யாருக்காக என்று பெற்றீசியாவுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. இத்தனை வருஷமும் சிவனம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பேசாமல் தலையாட்டிவிட்டால் போதும், கௌரவமாக வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு நொடி அவள் தலை அசையவும் பார்த்தது.

"கஞ்சி இல்ல தம்பி" என்றாள். "கோழிக்கறி. எங்க வீட்டுக் கறி."

பிறகு நிறுத்தாமல் சொன்னாள், நிறுத்தினால் வராது என்று தெரியும். றொசானா கோயிலில் முதல் நன்மை வாங்கிய விருந்து அன்றைக்கு. நாற்பது பேர், மூன்று கோழி. மசாலா வாசம் சுவருக்கு மேலே போகாமல் இருக்குமா? வாசம் போகிற வீட்டுக்கு ஒரு கிண்ணமும் போகும், லயத்தில் அது தவறாது. அன்று தவறியது. பெற்றீசியா வீட்டுல கறி கொதிக்குது, கொஞ்சம் வாங்கிட்டு வாயேன் என்று அவர் கேட்டார். விருந்தாளுங்க இருக்காங்க, எப்படிப் போய்க் கேக்குறது, அக்காவே குடுத்துவிடுவாங்க என்றாள் சிவனம்மா. மறுபடி கேட்டார். மூன்றாந்தரம் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டு கேட்டார். அப்போதுதான் அவள் கத்தினாள். பெற்றீசியா இந்தப் பக்கம் அகப்பையோடு நின்று மூன்று தரமும் கேட்டாள். நானுஓயாவிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் முன்னால் நோயாளி வீட்டுக்குக் கிண்ணம் தூக்கிப் போகக் கூசியது. எல்லோரும் போகட்டும், கொடுக்கலாம் என்று நினைத்தாள். டிவி சத்தத்தைக் கூட்டச் சொன்னாள், அதையும் மீறி எல்லாம் கேட்டது. சாயங்காலம் பார்த்தபோது சட்டி வழித்திருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார்.

"சாவு வீட்டுல முதல்ல வந்து மாரடிச்சு அழுதது நான்தான்" என்றாள்.

கீழே வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது. திலக்ஷன் எழுந்திருக்கவில்லை. அவன் பெற்றீசியாவைப் பார்க்கவுமில்லை. அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"இத ஏம்மா இத்தன வருஷமா சொல்லல? இந்தச் செவ்வாக்கெழமையாவது சொல்லியிருக்கலாம்ல? நான் கேட்டேன்ல?"

சிவனம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"சொல்லிட்டு?" என்றாள். "அக்காவும் நாங்களும் பக்கத்துப் பக்கத்துலதானே குடியிருக்கணும்."