ஏர் பிடித்த சின்னபொண்ணு

ஆரணியை அடுத்த கரம்பு நிலத்தில் 1974இல் அந்த வேளாண்மைக் கல்லூரி தொடங்கியபோது இருந்தவை இரண்டு ஓலைக் கொட்டகைகள்தான். முதலில் பையன்கள் மட்டுமே படித்தார்கள். 1981இல் மூன்று பெண்களைச் சேர்த்தார்கள். அவர்களில் ஒருத்தி சின்னபொண்ணு. படவேட்டுப் பக்கத்துச் சேரிப் பெண். அப்பா சடையன் பிறத்தியார் நிலத்தை உழுதே வயதானவர்.

உழவுப் பயிற்சியன்று மற்ற இரண்டு பெண்களும் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். சின்னபொண்ணு இறங்கி மேழியைப் பிடித்தாள். முதல் சால் கோணிக்கொண்டு போனது. பையன்கள் சிரித்தார்கள். அறுவடைக்குள் அவர்களில் பலரைவிட நேராக ஓட்டப் பழகிவிட்டாள்.

அடுத்த வருஷம் மழை பெய்யவில்லை. பொம்பளை ஏர் தொட்டால் வானம் வறண்டுபோகும் என்று ஊர் நம்பியது. சடையனுக்கு வேலை கொடுத்துவந்த நிலக்காரர் பலராமன் களத்துமேட்டில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "உன் பொண்ண காலேஜ்லேர்ந்து நிறுத்திட்டு வா. அதுவரைக்கும் என் நெலத்துல கால் வெக்காத." மற்ற நிலக்காரர்களும் அதையே சொன்னார்கள்.

செய்தி கல்லூரிக்கு எட்டியது. முதல்வர் இருதயசாமி சின்னபொண்ணைக் கூப்பிட்டார்.

"நீ உழவே வாணாம்மா, மார்க் போட்டுடறேன். அப்பா பொழப்பையும் பாக்கணும் இல்ல?"

அதன்பிறகு அவள் மேழியைத் தொடவில்லை. ஒருநாள் சடையனே கல்லூரி விடுதிக்கு நடந்து வந்தார். தன்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று அவள் துணிகளை மூட்டை கட்டினாள்.

"இன்னாத்துக்கு மூட்ட கட்டிகினு கீற?"

"வூட்டுக்குக் கூப்புடத்தான வந்த?"

"நீ ஏர் ஓட்றத பாக்க வந்தேன்."

அவள் ஓட்டினாள். அவர் வரப்போடு கூடவே நடந்தார். திருப்பத்தில் மட்டும் வாய் திறந்தார்: "மாட்ட அடிக்காத. அதட்டு, போதும்."

சடையன் ஊருக்குத் திரும்பவில்லை. மனைவி அம்மணியையும் வரவழைத்து ஆரணியில் குடியேறி, பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் கொதிக்கும் தொட்டிமுன் நின்றார். மறுவருஷம் நல்ல மழை. ஊரிலிருந்து யாரும் அவரைத் தேடி வரவில்லை. சாயப்புகை மெல்ல மெல்ல நெஞ்சைத் தின்றது. 1985இல், கலசப்பாக்கத்து வேளாண்மை ஆபீசில் மகள் வேலைக்குச் சேர்ந்த மறுமாதம் இறந்துபோனார்.

உடலை ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள் உறவுக்காரர்கள்.

"வாணாம்," என்றாள் அம்மணி. "உயிரோட வாணான்னு சொன்ன ஊருக்குப் பொணமா எதுக்குப் போவணும்?"

ஆரணி ஆற்றங்கரையிலேயே புதைத்தார்கள். காரியம் முடிந்ததும் சின்னபொண்ணு அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். படவேட்டுக்குப் பிரியும் பாதை வந்தபோது அம்மணி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.