அலங்காரமாகிப்போன சூத்திரங்கள்

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. கோபம் மட்டும் இரண்டு பேருக்குப் போதுமான அளவு உண்டு. ஆசிரியர் தேர்வுக்குக் கணக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறையில், அண்ணன் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, என்னைப் போன்றவர்கள் கேட்டுப் படிக்கும்படி புத்தகங்களை மாற்றித் தருகிற வேலை செய்தான். இது தலைப்பு, இது பத்தி, இது சூத்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓர் அடையாளம் போட வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் கணினியின் குரல் வாசிக்கும். என் புத்தகத்தையும் பாடம் பாடமாக அவன்தான் மாற்றிக் கொடுத்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசிப் பாடமான நுண்கணிதம் மட்டும் வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது. ஞாயிறு தேர்வு.

திறந்தேன். "இதிலிருந்து கிடைப்பது" என்றது குரல். உடனே, "எனவே நிரூபிக்கப்பட்டது" என்றது. என்னத்தை நிரூபித்தார்கள்? திரும்பத் திரும்பக் கேட்டும் அதே கதைதான். அண்ணியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"நடுவுல இம்மாம் பெரிய சூத்திரம் இருக்குதே!" என்றார்.

அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் கேட்டேன்.

"அதுவா? ஒவ்வொரு சூத்திரத்துக்கும் வெளக்கம் எழுதலன்னு செவப்பா எர்ரர் காட்டிக்கினே இருந்துச்சு. எல்லாத்தையும் அலங்காரம்னு குறிச்சுட்டேன். பச்ச டிக் வந்துடுச்சு."

அலங்காரம் என்றால் பக்க ஓரத்தில் போடுகிற கோடு, பூ. குரல் அதையெல்லாம் தாண்டிப் போய்விடும். என் தொகையீட்டுச் சூத்திரங்கள் எல்லாம் இவனுக்குப் பூவாம்!

"அடப்பாவி, நான் படிக்கத்தானே குடுத்த?"

"எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. நாலு கேள்வி போனா போவுது, வுடு."

அந்த "வுடு"வைத்தான் தாங்க முடியவில்லை. மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டை கிடக்கும். பீங்கான் தொழிற்சாலைகள் இருக்கும் எங்கள் ஊரில் அது இல்லாத மேஜை ஏது? எடுத்து, அவன் குரல் வந்த திசைக்கு வீசினேன். குனிந்துவிட்டான் போல. மானிட்டர் உடைந்து கொட்டியது. ஐயோ என்று அலறிக்கொண்டு வந்து என் முடியைப் பிடித்தான். நான் அவன் கையைக் கடித்தேன். வாயெல்லாம் உப்புக் கரித்தது, அப்போதும் விடவில்லை. இடது காதோடு சேர்த்து ஓர் அறை விட்டான் பாருங்கள், தலைக்குள் குக்கர் விசில் கிளம்பியது. நிற்கவே இல்லை.

"காதுல அடிச்சுட்டியேடா! எனக்கு வேற என்னடா இருக்குது?"

அவன் என் முடியை விட்டுவிட்டான். அண்ணி அவனைக் கண்டபடி திட்டினார். "திங்கக்கெழம வேற மானிட்டர் வாங்கி மாத்தித் தரேன்" என்றான்.

"ஞாயித்துக்கெழம பரீட்ச. இப்பவே மாத்து."

"மானிட்டர் இல்லாம எப்படிம்மா?"

"நான் எப்படிச் செய்யறேன்? அப்படி."

கடிபட்ட கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, அச்சுப் புத்தகத்தை மடியில் விரித்து உட்கார்ந்தான். குரலை மட்டும் நம்பி, ஒவ்வொரு சூத்திரத்தையும் தேடிப் பிடித்து, அலங்காரத்தை எடுத்துவிட்டு, விளக்கத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு கீயைத் தப்பாக அழுத்தினால் வேறெங்கோ போய் நிற்கும். "எங்க இருக்கேன்னே தெரியல, சனியன்!" என்று கத்தினான். கீபோர்டை அடிக்கக் கை ஓங்கிவிட்டான் என்பது நாற்காலி கிரீச்சிட்டதில் தெரிந்தது.

"அடி. அதுக்கும் காதப் பாத்து அடி" என்றேன்.

கை இறங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டினான். வெகுநேரம் கழித்துக் குரல் வாசித்தது: "தொகையீடு, பின்னம் தொடக்கம், மேலே ஒன்று, கீழே எக்ஸ், பின்னம் முடிவு, டி எக்ஸ்."

எனக்கு வலது காதில் மட்டும்தான் கேட்டது.

"அடுத்தது" என்றேன்.