இருபத்தைந்தாம் மிஷின்

எண்பதுகளில் நான் பார்த்தது வினோதமான வேலை. எங்கள் கம்பெனியிடம் கம்ப்யூட்டரும் புரோகிராமும் வாங்கிய ஆலைகளுக்குப் போய், ஆட்கள் அதை உண்மையிலேயே பயன்படுத்துகிறார்களா, இல்லை துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்களா என்று பார்த்து எழுதித் தர வேண்டும். அஸ்தம்பட்டியில் ஆபீஸ். அப்போது எனக்கு முன்கோபம் அதிகம். பஸ் பள்ளிபாளையம் போய்ச் சேருவதற்குள் பாதி அறிக்கையை மனசுக்குள் எழுதிவிடுவேன்.

அங்கே ஒரு நூல் மில்லில், உதிரி சாமான் வைக்கும் ஸ்டோருக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதை இயக்க ஒரு பெண்ணை ஆறு மாதத் தவணையில் எடுத்திருந்தார்கள். நான் ‘தேறாது’ என்று எழுதினால் கம்ப்யூட்டரும் போகும், அவள் வேலையும் போகும். இது அவளுக்கும் தெரியும். காபி டம்ளரை வைத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே லிஸ்ட்டை எடுத்து நீட்டினாள்.

சரிபார்த்தேன். கம்ப்யூட்டரில் பெல்ட் பன்னிரண்டு, அலமாரியில் ஏழு. பேரிங்கும் அப்படியே.

“என்னம்மா இது? ஒழுங்காகப் பதிவதே இல்லையா?” என்று கத்திவிட்டேன்.

“வர்ற சீட்டெல்லாம் பதியறனுங்க சார்” என்றாள். கண் கலங்கிவிட்டது.

ஓரத்து மேஜையில் ஸ்டோர் கீப்பர் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரைக் கண்டாலே அவருக்கு ஆகாது; பொட்டி என்றுதான் சொல்வார். சட்டென்று எழுந்து வந்தார்.

“புள்ளைய ஏனுங்க வையறீங்க? சாமானக் குடுத்தது நானுங்க. பக்கத்து மில்லுக்குக் கைமாத்து. அவிய மிஷின் நிக்குதுன்னா பாத்துக்கிட்டு இருக்க முடியுங்களா? நாளைக்கு நம்முளுது நின்னா அவிய குடுப்பாங்க.”

“அதற்குச் சீட்டு?”

“கைமாத்துக்கு எங்கீங்க சீட்டு?”

அட கடவுளே! எந்த மிஷினுக்கு என்று எண் கொடுத்தால்தான் சாமான் வெளியே போனதாக அந்தப் புரோகிராம் ஒப்புக்கொள்ளும். கைமாத்துக்கு அதில் இடமே கிடையாது. அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். அவளிடம் கத்தியதற்கு வெட்கமாகப் போயிற்று.

விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“பொட்டி போனா எனக்கு நிம்மதிதானுங்க. கூடவே புள்ளையும் போயிருமே.” பிறகு அவளிடம் திரும்பினார். “ஏஞ்சாமி, நம்முளுது இருவத்திநாலு மிஷினு. பக்கத்து மில்ல இருவத்தஞ்சுன்னு போட்டா உம்பட பொட்டி ஒத்துக்குமா?”

அடித்துப் பார்த்தாள். ஒத்துக்கொண்டது. மத்தியானம் வரை அவர் ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் பதிந்தாள். கடைசியில் அலமாரியும் கம்ப்யூட்டரும் ஒன்றையே சொல்லின. ‘நன்றாகப் பயன்படுத்துகிறார்கள்’ என்று சந்தோஷமாக எழுதிக் கொடுத்தேன்.

தவணை முடியும் சமயம், மில்லின் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி போன் செய்தார். மில் பக்கமே வராத மனுஷன்.

“உங்க கம்ப்யூட்டர் லிஸ்ட்டுல இருவத்தஞ்சாம் மிஷின் ரொம்பச் சாமான் திங்குதுங்களே. பேசாம வித்துப்போடலாமுங்களா?”

உண்மையைச் சொன்னால் அவள் பிழைப்பு என்ன ஆகும்? ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை. கைமாத்துக் கதை முழுவதையும் சொன்னேன்.

“அடேங்கப்பா, அப்படீங்களா? சரி, இருக்கட்டும்” என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் ஸ்டோர் கீப்பர் போனில் பேசினார். அந்தப் பெண்ணை நிரந்தரமாக்கிய கடிதத்தை எழுத்துக்கூட்டி எனக்குப் படித்துக் காட்டினார்.

“பொட்டியும் இருந்துட்டுப் போவட்டுமுங்க சார்” என்றார்.