இருப்பினும் ஆதரிக்கிறேன்

எங்கள் நாடாளுமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆளும் தரப்பு உறுப்பினர் ஒரு மசோதாவை எவ்வளவுதான் கிழித்துத் தொங்கவிட்டாலும், கடைசியில் "இருப்பினும் இந்த மசோதாவை ஆதரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். கட்சிக் கொறடா அனுமதி தந்தாலொழிய மாற்றி வாக்களிக்க முடியாது. உறுப்பினராக இருந்த என் பள்ளித் தோழனுக்கு அந்த வரியை நான்தான் தமிழில் எழுதிக் கொடுப்பேன். மொழிபெயர்ப்பாளனாகக் காலம் தள்ளியவன் நான். அவனுக்கோ தமிழ் நொண்டும். ஒவ்வொரு முறை எழுதும்போதும் எனக்கு எரிச்சல் வரும்.

வாரம் ஒருநாள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மேசை போட்டு அவன் தொகுதி மக்களைச் சந்திப்பான். தொண்டூழியனாக நானும் கூட இருப்பேன். அப்படித்தான் அந்த அம்மா வந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்து பேரைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர். தாய்மார்கள் எல்லாரும் ஷிஃப்ட் வேலைக்காரர்கள். வரப்போகிற சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கு மேல் வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும். உரிமத்துக்கு அவருடைய வீடு சின்னது.

"அஞ்சுல ரெண்டு பேரை எப்படி சார் போகச் சொல்றது? அந்த வருமானமும் போச்சுன்னா வாடகைக்கு நான் எங்க போவேன்?"

"நான் பேசுறேன்க்கா. கண்டிப்பா பேசுறேன்," என்றான். மனதாரத்தான் சொன்னான்.

தேக்கா சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து உரையை எழுதினோம். காரசாரமாக எழுதினேன். கடைசி வரியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். படித்து முடித்தவன் தாளைத் திருப்பிப் பார்த்தான்.

"கடைசி வரி எங்கடா?"

"இந்த ஒரு தடவை வேணாமே."

"விளையாடாத லா. கொறடாகிட்ட கேட்டுட்டேன். முடியாதுன்னுட்டார்."

"கேட்டா அப்படித்தான் சொல்வார். கேக்காம செய்."

"செஞ்சா அடுத்த தேர்தல்ல சீட் இருக்காது. உள்ள இருந்தாத்தான்டா ஏதாவது பண்ண முடியும்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது. உனக்கெல்லாம் எதுக்குடா இந்தப் பதவி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அந்த வரியை எழுதிக் கொடுத்தேன்.

விவாதத்தைக் கைப்பேசியில் நேரலையாகப் பார்த்தேன். பிரமாதமாகப் பேசினான். கடைசி வரி வந்ததும் குரல் இறங்கிப்போனது. அப்புறம் குரல் வாக்கெடுப்பு. "ஆம்" என்று சபையே ஒன்றாகச் சொன்னது. பேர் பேராக எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மசோதா நிறைவேறியது.

அன்று சாயங்காலம் கூப்பிட்டான். "எல்லாரும் ஆம்னு சொன்னப்ப நான் வாயையே திறக்கலடா," என்றான், ஏதோ சாதித்துவிட்டவன் மாதிரி.

"அது யாருக்குக் கேட்டுச்சு?" என்றேன். போனை வைத்துவிட்டான். நான் கொஞ்சம் பதமாகப் பேசியிருக்கலாம்.

அவன் அலுவலகப் பிள்ளைகள் உரையை வெட்டி முகநூலில் போட்டார்கள். கடைசி வரி அதில் இல்லை. மக்களுக்காக எதிர்த்து நின்ற மனிதர் என்று பாராட்டு குவிந்தது. எடுக்கச் சொல்லுடா என்று நச்சரித்தேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்று நாளைக் கடத்தினான்.

சட்டம் நடப்புக்கு வந்த பிறகு அந்த அம்மா மறுபடி வந்தார். இரண்டு பிள்ளைகளை அனுப்பியாகிவிட்டது. ஒரு பிள்ளை இன்னும் தினமும் வந்து கதவைத் தட்டுகிறதாம். வரிசையில் இருந்த யாரோ, "நம்ம சார் உங்களுக்காக எதிர்த்து ஓட்டுப் போட்டாருல்ல," என்றார். அவன் சட்டென்று எழுந்துவிட்டான். நான் எதிர்பார்க்கவே இல்லை.

"இல்லக்கா. வீடியோல முழுசா வரல. கடைசியில நான் ஆதரிச்சுட்டேன்."

"தெரியும் தம்பி," என்றார் அந்த அம்மா. அதுவரை அவனை சார் என்றுதான் கூப்பிடுவார். "பக்கத்து வீட்டுப் பொண்ணு முழுசும் போட்டுக் காமிச்சா. உங்களுக்கும் மேல ஆளுங்க இருக்காங்கல்ல. சொன்னதைக் கேக்கலன்னா வேலை போயிடும். எனக்குத் தெரியாதா? மனசுல வச்சுக்காதீங்க."

அவர் திட்டுவார் என்றுதான் அவன் எழுந்து நின்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். பிழைப்பில் கிட்டத்தட்டப் பாதியை இழந்தவர், அதற்கு ஆதரவு சொன்னவனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.