பழைய கூடையின் பச்சைப் புள்ளி

காலை ஏழு மணிக்கு அல்டோனா கணினியைத் திறப்பாள். கோப்பையில் காப்பித்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி மூடி வைப்பாள். தூள் அடியில் தங்குவதற்குள் ‘ஈரப்பாசி’ என்ற, காளான் பறிப்பவர்களின் இணையதளத்துக்குப் போய்விடுவாள். அங்கே வலது ஓரத்தில் ‘இப்போது இருப்பவர்கள்’ என்று ஒரு பட்டியல். அதில் ‘பழைய கூடை’ என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். பழைய கூடை என்பது அவள் புருஷன் ஸெவரினாஸ் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். ஸெவரினாஸ் ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அவள் எதையும் எழுதமாட்டாள். மற்றவர்கள் எழுதியதையும் பெரிதாகப் படிக்கமாட்டாள். புள்ளியைப் பார்த்துக்கொண்டு காப்பியைக் குடிப்பாள். எட்டு மணிக்குக் கணினியை மூடிவிட்டுப் பூனைக்குச் சோறு வைப்பாள். மே மாதத்திலிருந்து இதுதான் நடந்தது. அந்த மாதம் ஒருநாள் கரண்டு ரசீதைத் தேடிக் கணினியைத் திறந்தபோது அந்தத் தளம் தானாகவே திறந்துகொண்டு, ஸெவரினாஸ் வந்திருப்பதாகச் சொன்னது. அன்றைக்கு அவள் ரசீதைத் தேடவில்லை.

விஷயம் இவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உள்ளே நுழையும்போது ‘என்னை நினைவில் வைத்துக்கொள்’ என்ற கட்டத்தில் ஸெவரினாஸ் ஒரு டிக் அடித்திருந்தார். உடனே தளம் அந்தக் கணினிக்குள் ஒரு சின்னச் சீட்டை வைத்துவிட்டது. குக்கி என்கிறார்கள், தின்பதற்கில்லை. சீட்டைக் காட்டினால் கதவு திறக்கும். சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்குமே தவிர, யார் கையில் இருக்கிறது என்று பார்க்காது. கடவுச்சொல் என்னவென்று அல்டோனாவுக்குத் தெரியாது. தன் காளான் இடங்களைப் போலவே அதையும் ஸெவரினாஸ் கூடவே கொண்டுபோய்விட்டார்.

காளான் இடம் என்றால் சும்மா இல்லை. அவர்கள் இருந்த வரேனா பக்கத்து ஆட்கள் எதையும் சொல்லிவிடுவார்கள். சம்பளம், மூலவியாதி, தம்பி பெண்டாட்டி ஓடிப்போன கதை, எல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே வந்துவிடும். காளான் எங்கே பறித்தாய் என்று கேட்டால் மட்டும் “காட்டுலதான்” என்பார்கள். ஒரு வழியாகப் போய் வேறு வழியாகத் திரும்புவார்கள். ஈரப்பாசியில் போடுகிற படங்கள் அத்தனையும் சமையலறை மேசையில், பூப்போட்ட மெழுகுத்துணிமேல் எடுத்தவை. காட்டில் எடுத்தால் பின்னாலிருக்கும் ஒரு கோணல் பைன் மரம் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? முப்பத்துநாலு வருஷம் அல்டோனா காளானைச் சுத்தம் செய்து, நூலில் கோத்து, அடுப்புக்கு மேல் காயப் போட்டிருக்கிறாள். எங்கே பறித்தீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்கிற புத்தியே அவளுக்குக் கிடையாது. முப்பத்தோரு வருஷம் தபாலாபீசில் உத்தியோகம். அஞ்சலட்டை வந்தால் எழுத்துப் பக்கத்தைக் கவிழ்த்துத்தான் அடுக்குவாள். யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்பது ஊரிலேயே அவளுக்கு ஒருத்திக்குத்தான் தெரியும், அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. சிரித்த முகம் என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. ஆனால் நம்பினார்கள். அடக்கத்தன்றும் வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தாள், மீனையும் ரொட்டியையும் எடுத்து வைத்தாள், தட்டுகளைக் கழுவினாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று இரண்டு பேர் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது. இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். நெஞ்சு இருக்கிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் நல்ல மழை பெய்தது. காளான் கிளம்பியது, ஈரப்பாசியிலும் கூட்டம் கிளம்பியது. செவ்வாய்க்கிழமை காலை அல்டோனா புள்ளியைப் பார்க்கப் போனபோது அதற்குப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு இருந்தது: ‘பழைய கூடை நாற்காலியில உக்காந்திருக்கிறது யாரு?’

எழுதியவர் பெயர் முள்ளம்பன்றி. “ஏப்ரல்லேர்ந்து அந்தாளு ஒரு வார்த்தை எழுதல. ஆனா தினம் காலைல ஏழு மணிக்குப் பச்சையா எரியறாரு. எட்டுக்கு அணைஞ்சிருது. பேங்க் வாட்ச்மேன்கூட இவ்வளவு கரெக்டா வரமாட்டான். எவனோ அவரு கணினியைத் தூக்கிட்டுப் போய் உள்ள உக்காந்துக்கிட்டு நம்ம பேசறதையெல்லாம் படிக்கிறான்யா.”

“பத்து வருஷ அறையும் அவனுக்குத் திறக்குமே!” என்று நரிவால் என்பவர் அலறியிருந்தார். பத்து வருஷமாக உறுப்பினராக இருப்பவர்கள் மட்டும் நுழையக்கூடிய அறை அது. அங்கே அரை வார்த்தையிலும் கால் வார்த்தையிலும் சில இடங்களைச் சொல்லிக்கொள்வார்கள். “நான் போன மாசம் அங்க ரயில் பாலத்தைப் பத்தி உளறிட்டேன். ஏய் ரோமாஸ், அவன் எங்கேர்ந்து வரான்னு பாரேன்.”

ரோமாஸ் தளத்தை நடத்துபவர். “எதைப் பாக்கறது? யார் எங்கேர்ந்து வர்றாங்கன்னு குறிச்சு வைக்காதே, வேவு பாக்கறியான்னு போன வருஷம் என் சட்டையைப் பிடிச்சது நீங்கதானே? குறிக்கறதை நிறுத்திட்டேன். இப்ப வந்து கேட்டா?”

“அப்ப குக்கியை ஒழி. எல்லார் குக்கியையும்.”

“என்னுதுமா? எனக்குக் கடவுச்சொல்லே மறந்துபோச்சுய்யா,” என்று இன்னொருவர் பதறினார்.

“உனக்கு இடமும்தான் மறந்துபோச்சு, அதான் கடையில காளான் வாங்கறே.”

இப்படி நாலு பக்கம் ஓடியது. கடைசியில் ரோமாஸின் அறிவிப்பு: சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாக் குக்கிகளும் அழிக்கப்படும். அதன்பிறகு ஒவ்வொருவரும் கடவுச்சொல் கொடுத்துத்தான் உள்ளே வரவேண்டும்.

அல்டோனா இரண்டு முறை படித்தாள். திருடன் நான்தான் என்று புரிந்தது. அஞ்சலட்டையைக் கவிழ்த்து அடுக்கியவள் நாலு மாசமாக இன்னொருத்தர் பெயரில் உட்கார்ந்திருக்கிறாள். வெட்கமாக இருக்கவேண்டும். சனிக்கிழமை பகலோடு புள்ளி போய்விடும், அதற்குப் பயமாகவாவது இருக்கவேண்டும். வரப்போகிறது என்று காத்திருந்தாள், இரண்டும் வரவில்லை. காப்பி ஆறிவிட்டிருந்தது. ஆறியதைக் குடித்தாள்.

புதனும் வியாழனும் வழக்கம்போல ஏழு மணிக்குப் போனாள். “இதோ எரியறான் பாரு!” என்று அந்த நேரத்துக்கே நாலைந்து பேர் காத்திருந்து கத்தினார்கள். வெள்ளிக்கிழமை இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி எழுதினாள்:

“ஸெவரினாஸ் ஏப்ரல் ஒன்பதாம் தேதி இறந்துவிட்டார். நான் அவர் மனைவி. உங்கள் அறைக்குள் போகவில்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளியைப் பார்க்கத்தான் வந்தேன். மன்னிக்கவும்.”

முதலில் முள்ளம்பன்றிதான் வந்தார். “மாட்டிக்கிட்ட எவனும் இதைத்தான் சொல்வான். நெசமாவே பொண்டாட்டின்னா ஒண்ணு சொல்லுங்க. வருஷா வருஷம் முதல் பரவிகாஸை அவருதான் கொண்டாருவாரு. நம்ம எல்லாருக்கும் ஒரு வாரம் முந்தி. அது எந்த இடம்?”

பரவிகாஸ் என்றால் காளான்களில் ராஜா. ஜூன் மாதம் ஒருநாள் அதை மேசையில் வைத்துவிட்டு ஸெவரினாஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், அவள் பார்க்கவேண்டும் என்று. அவள் சுத்தம் செய்யக் கத்தியை எடுப்பாள்.

“தெரியாது,” என்று அல்டோனா எழுதினாள். “அவர் சொன்னதில்லை.”

“பாத்தீங்களா, பாத்தீங்களா!” என்றார் முள்ளம்பன்றி.

அப்போதுதான் அதுவரை வாயைத் திறக்காத சதுப்புராணி என்ற பெண்மணி உள்ளே வந்தாள். “உன் மூளையை உப்புல ஊறப்போடு. உன் பொண்டாட்டிக்கு உன் இடம் தெரியுமா? என் வீட்டுக்காரருக்கு என் இடம் தெரியுமா? தெரியும்னு சொல்லியிருந்தா அதுதான்யா திருட்டு. தெரியாதுன்னு சொல்லிருச்சே, அது பொண்டாட்டியேதான்.”

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்து, ஒரு வரியில் அஞ்சலி எழுதிவிட்டுப் போனார்கள். முள்ளம்பன்றி கடைசியாக வந்தார். “மன்னிச்சிருங்கக்கா. நான் ஒரு தடவை அவரு பின்னாலயே போனேன். தெரிஞ்சுபோச்சு போல. மூணு மணிநேரம் சதுப்புல சுத்தவிட்டுட்டு, கடைசில பஸ் ஸ்டாப்ல கொண்டாந்து விட்டாரு. நல்ல மனுஷன்.”

மத்தியானம் ரோமாஸ் தொலைபேசி எண் கேட்டு வாங்கிக் கூப்பிட்டார்.

“அக்கா, நாளைக்கு அழிக்கறதை நிறுத்த முடியல. எல்லாருக்கும் சொல்லியாச்சு. அவரோடதை மட்டும் விட்டுவைக்கவும் தெரியல, எல்லாம் ஒரே பொத்தான். ஆனா அவரு பேருக்குப் புதுக் கடவுச்சொல் போட்டு உங்ககிட்ட தரேன். காலைல வழக்கம்போல வாங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

அல்டோனாவுக்குத் தபாலாபீஸ் நினைவு வந்தது. இறந்தவர்கள் பெயருக்குக் கடிதம் வரும். அதன்மேல் ‘பெறுபவர் காலமானார்’ என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பவேண்டும். முப்பத்தோரு வருஷம் அவள்தான் குத்தினாள். என்கிட்ட கொடுங்களேன் என்று கவுண்டருக்கு முன்னால் நின்று அழுதவர்களும் உண்டு. ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை.

“வேணாம் தம்பி,” என்றாள். “அது அவரு பேரு.”

“வேணும்னா யோசிச்சு...”

“யோசிச்சாச்சு. உங்க வேலையைப் பாருங்க.”

சனிக்கிழமை ஏழு மணிக்குத் திறந்தவள் எட்டு மணிக்கு மூடவில்லை. மேசையிலேயே இருந்தாள். பூனை வந்து காலைச் சுற்றியது. பதினொன்றரைக்கு எழுந்துபோய்ச் சோறு வைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குத் திரை ஒரு தடவை வெளுத்தது. பிறகு பெயரைக் கேட்டது, கடவுச்சொல்லைக் கேட்டது.

உறுப்பினர் பட்டியலை வெளியில் இருந்தும் பார்க்கலாம். தேடிப் பார்த்தாள். பழைய கூடை இருந்தது. புள்ளி சாம்பல் நிறத்தில் இருந்தது. அதன்கீழே சின்ன எழுத்தில்: ‘கடைசியாக இருந்தது: சனி, 11:59.’

ஏப்ரலில் டாக்டரும் அவர் இறந்த நேரம் என்று ஒன்றைச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டுக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். என்ன நேரம் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

போனை எடுத்துக் கௌனாஸ் நகரத்தில் இருக்கும் மகள் யுர்கிதாவைக் கூப்பிட்டாள்.

“என்னம்மா, இந்த நேரத்துல?”

“அப்பா போயிட்டாருடி.”

“அம்மா... அப்பா ஏப்ரல்லயே போயிட்டாரும்மா.”

“தெரியும். பதினொண்ணு அம்பத்தொம்பதுக்குப் போனாரு. நான் பக்கத்துலயேதான் இருந்தேன்.”

அதற்குப் பிறகு ஒரு சத்தம் கேட்டது. பூனை மேசைக்கடியில் ஓடி ஒளிந்தது. அது தன் தொண்டையிலிருந்துதான் வருகிறது என்று அல்டோனாவுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.