பூரண ஓய்வு என்று எழுதிக் கொடுத்தேன்

புற்றுநோயில் இறந்தவர்களுக்காக அழ ஆள் உண்டு. பிழைத்து வீடு திரும்பியவர்களை யாரும் நினைப்பதில்லை, அவர்களிலும் பெண்களை அறவே நினைப்பதில்லை. அப்படித் திரும்பியவர்களை வீடு தேடிச் சென்று பார்த்து வருவதுதான் அறுபதுகளில் என் உத்தியோகம். சென்னை மருத்துவமனை ஒன்றின் வார்டில் நான்காண்டு வேலை பார்த்த என்னைச் செஞ்சிப் பக்கத்துக்கு அனுப்பினார்கள். பிறர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்கக் கூடாததைக் கேட்டுப் பிழைக்கும் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது.

கட்டில்

முனியம்மாவுக்கு நாற்பது வயது. இடது மார்பை அகற்றி, கதிர்வீச்சும் கொடுத்து நாங்கள் ஊருக்கு அனுப்பி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்ச் செம்பை ஓரகத்தி சரோஜா அவள் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தாள். முனியம்மாவின் பாதத்தை விரலால் அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. நான்கு வார்த்தை பேசுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

நடப்பதுண்டா என்று கேட்டேன். கணவன் கோவிந்தன் முந்திக்கொண்டு பெருமையோடு சொன்னான்: "இன்னாம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? மூணு வருசமா அவ கால்ல மண்ணு படல. அப்படி வெச்சுக்கினு இருக்கறேன்."

சாமி படங்களுக்கு நடுவே

இப்படி உட்கார வைக்கச் சொன்ன மடையன் யார் என்று கேட்டேன். கோவிந்தன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சாமி படங்களுக்கு நடுவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. 'பூரண ஓய்வு' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.

டாக்டர் சொன்னார், நான் எழுதினேன். எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதே சீட்டை எல்லோருக்கும் கொடுத்தோம். படித்தவர்கள் ஒரே மாதத்தில் அதை மறந்துவிட்டு எழுந்து நடமாடினார்கள். இந்த வீடு மட்டும் எங்களை நம்பிவிட்டது. அது என் எழுத்து என்று சொன்னேன். கூடத்து மூலையில் கிடந்த வேர்க்கடலைக் குவியலைக் காட்டி முனியம்மா சிரித்தாள்: "மல்லாட்டை ஆயவாவது குடுங்கடின்னு கேட்டேன். சீட்டுல இல்லன்னுட்டாங்க. உங்க எழுத்துதானா அது? அழகா இருக்குது."

முத்திரை

அடுத்த முறை டாக்டரையும் அழைத்துப் போனேன். அவர் சோதித்துவிட்டு என்னைத் தெருவுக்கு அழைத்தார். புற்று திரும்பவில்லை, இதயம்தான் தளர்ந்துவிட்டது. கதிர்வீச்சு பாதி, இந்தக் கட்டில் பாதி, எது அதிகம் என்று சொல்ல முடியாது என்றார். வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நடக்க விடச் சொன்னார்.

'தினமும் நடக்க வேண்டும்' என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். கோவிந்தன் இருபுறமும் திருப்பிப் பார்த்தான். பழைய சீட்டில் ஊதா முத்திரை இருந்தது; இதில் இல்லை. டாக்டர் நேரில் சொல்லியும் அவன் அசையவில்லை. சென்னைக்குப் போய் முத்திரை குத்திக்கொண்டு திரும்பினேன். அன்று அமாவாசை, மேல்மலையனூர்க் கோயில் கூட்டம் அடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். முத்திரையைத் தடவிப் பார்த்த கோவிந்தன் மனைவியிடம் சொன்னான்: "எழுந்திருடி. ஆஸ்பத்திரியே சொல்லுது. நான் இன்னா பண்றது?"

வரப்பு

முதல் வாரம் வாசல் வரை. அடுத்த மாதம் தெருக்கிணறு வரை. மூன்றாம் மாதம், ஒரு பர்லாங்கு தூரத்திலிருந்த சொந்த வேர்க்கடலைக் கொல்லைக்குப் போயே தீருவேன் என்றாள். சரோஜா தோளைக் கொடுத்தாள். நான் பின்னால் நடந்தேன். வழியில் இரண்டு முறை உட்கார்ந்தாள். உதடு கறுத்தது. திரும்பிவிடலாம் என்றேன், என்னை அவள் பொருட்படுத்தவில்லை.

வரப்பில் ஏறி நின்று, மூச்சு அடங்கும் வரை கொல்லையைப் பார்த்தாள். பிறகு சரோஜாவின் பக்கம் திரும்பினாள்: "களையெடுத்த லட்சணத்தப் பாரு. என்ன உக்கார வெச்சுட்டு நீ இன்னாடி கிழிச்ச?"

அதன்பின் பதினான்கு மாதங்கள் தினமும் கொல்லைக்கு நடந்த முனியம்மா, ஒரு காலையில் இதயம் நின்று இறந்துபோனாள். புற்று திரும்பவில்லை என்பதால், எங்கள் மருத்துவமனை அறிக்கையில் அவள் பூரணமாகக் குணமடைந்தவர்களில் ஒருத்தி.