பதினேழாவது பெயருக்கு முன்னால் விளக்கு

பத்தாம் வகுப்பு முடித்து முப்பது வருடம் ஆகிவிட்டது, எல்லோரும் ஒருநாள் கூடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தபோது, பனியன் என் பொறுப்பு என்று முந்திக்கொண்டு சொன்னவன் நான்தான். திருப்பூர்க்காரன் பனியன் இல்லாமல் கூடுவானா? கோயில் நோம்பியோ காதுகுத்தோ, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் தைத்துவிட்டுத்தான் மறுவேலை. ஊரை ஒட்டி நெருப்பெரிச்சலில் எனக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. முதுகில் நாற்பத்திரண்டு பேருடைய பெயரையும் அச்சடிப்பது என் யோசனை. இறந்துபோன மூன்று பேருடைய பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு சின்ன விளக்குப் படம். அதைப் பார்த்துக் குழுவில் ஆளாளுக்குக் கண்ணீர் பொம்மை போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூவரில் ஒருவன் என் பெஞ்சுக்காரன். பத்தாவதோடு மடத்துக்குளம் பக்கம் குடிபோனவன். ஆறு மாதமாகத் தேடினோம். கொரோனாவில் போய்விட்டானாம் என்று குழுவில் ஒருத்தன் சொன்னான். உனக்கு யார் சொன்னது என்று எங்களில் ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அது நிஜம்.

போன வியாழக்கிழமை காலையில் அச்சு முடிந்து பனியன்கள் தேய்க்க வந்தன. கொஞ்ச நேரத்தில் எங்கள் அயர்ன் மாஸ்டர் ஒரு பனியனோடு என் அறைக்கு வந்தார். இரண்டு வருடமாக எங்களிடம் தேய்ப்பவர். தேய்க்க, மடிக்க ஆள் கொண்டுவருவது கான்ட்ராக்டர் வேலை. எத்தனை தலை என்று அவர் சொல்வார், நான் சரி என்பேன். பெயர் கேட்கிற வழக்கமே எங்கள் தொழிலில் இல்லை. மாஸ்டர், செக்கிங் அக்கா, அவ்வளவுதான்.

"ஏனுங்க, இதுல ஒரு பேரு தப்பா இருக்குதுங்க" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "நான் மூணு தடவ பாத்து அனுப்புனதுங்க மாஸ்டர். நீங்க போயி தேய்க்கற வேலையப் பாருங்க."

அவர் போகவில்லை. பனியனை என் மேஜைமேல் விரித்து, ஒரு பெயரில் விரலை வைத்தார்.

"இந்தப் பதினேழாவது பேரு நானுங்க. எனக்கு வெளக்கு வெச்சிருக்கீங்க."

"அதே பேருல வேற ஆளா இருக்கும் மாஸ்டர்" என்று உளறினேன்.

"அரையாண்டுப் பரிட்சைல கணக்க என்னையப் பாத்து எழுதுனீங்க. நான் போட்ட தப்பையும் சேத்தி எழுதி, ரெண்டு பேரும் வெயில்ல முட்டி போட்டமுங்க."

எழுந்து நின்றேன். தினமும் இரண்டு தடவை அவர் தேய்க்கிற மேஜையைத் தாண்டிப் போகிறவன் நான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்கள். நான் அந்த வெண்ணெய்க்குக் கருமாதியே நடத்திவிட்டேன். முகத்தை உற்றுப் பார்த்தேன். முடி கொட்டி, கன்னம் ஒட்டி, ஆனால் அவனேதான். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் எனக்குப் பயம்தான் வந்தது.

"நான்தான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"வந்த அன்னிக்கே தெரியுமுங்க."

"அப்புறம் ஏன்டா சொல்லல?" கத்திவிட்டேன். தப்பு என்னுடையது, கோபம் அவன்மேல். எனக்கே அசிங்கமாக இருந்தது. "சரி, விடு. எல்லாத்தையும் வேற அடிச்சுக்கலாம். நீ ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு வந்தே ஆகோணும்" என்றேன்.

அவன் பனியனைச் சுருக்கமில்லாமல் மடித்தான். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலாம்.

"சொல்லலாம்னுதானுங்க மொத நாளு உங்க முன்னால வந்து நின்னேன். நீங்க என் மூஞ்சிய நல்லாப் பாத்துட்டு, 'இத்தன வயசான ஆளக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே, நாள் பூரா நின்னு தேய்ப்பாரா'ன்னு கான்ட்ராக்டர்கிட்டக் கேட்டீங்க."

பள்ளிக்கூடத்துப் பதிவேட்டின்படி நான் அவனுக்கு நான்கு மாதம் மூத்தவன்.